வாசிக்கத் தக்க கருதுகோள்

பத்து ரயில்கள். ஐந்து கிழக்கே செல்பவை, ஐந்து மேற்கே செல்பவை. பெட்டிகளின் நீளம், கூரை, சக்கரங்கள், சரக்கின் வடிவம் ஆகிய விவரங்கள் தரப்பட்டுள்ளன. கிழக்கே செல்பவற்றைப் பிரித்தறியும் விதி எது? ரிஷார்ட் மிஹால்ஸ்கி அமைத்த இப்புதிருக்குக் கணினி தரும் விடை ஒரே வாக்கியம்: கூரையுள்ள குட்டையான பெட்டி ஒன்றேனும் இருந்தால் அந்த ரயில் கிழக்கே செல்லும்.

உதாரணங்களையும் முன்னறிவையும் தருக்க வாக்கியங்களாகப் பெற்று, அவற்றை விளக்கும் கருதுகோளையும் அதே மொழியில் எழுதித்தரும் இம்முறைக்கு 1991இல் ஸ்டீபன் மகில்டன் தொகுத்தறி தருக்க நிரலாக்கம் என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1972இல் மார்செய் நகரில் பிறந்த புரோலாக் மொழி இதன் அடித்தளம். கார்டன் பிளாட்கினும் எகுட் ஷபிரோவும் இதன் முன்னோடிகள்.

விளையாட்டுப் புதிரோடு இது நின்றுவிடவில்லை. மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடிய 230 நைட்ரோ சேர்மங்களில், வழக்கமான புள்ளியியல் முறைக்குப் பிடிபடாதவை என்று 42 சேர்மங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மகில்டனின் புரோகால் நிரல் அவற்றில் வேதியியலார் படித்துப் பொருள் கொள்ளக்கூடிய ஒரு மூலக்கூறு அமைப்பைக் கண்டது. 1996இல் வெளியான அந்த முடிவை ஏற்கவோ மறுக்கவோ வல்லுநர்களால் முடிந்தது. காரணம், அது வாக்கியமாக இருந்தது.

இன்று கோலோச்சும் நரம்பு வலைப்பின்னல்கள் கற்றதைக் கோடிக்கணக்கான எண்களில் பொதிந்து வைக்கின்றன. படங்களையும் பேச்சையும் இனங்காண்பதில் அவற்றின் வெற்றியை நாம் மறுக்கவில்லை. பிழை மலிந்த தரவுகளில் தருக்க முறை தடுமாறுவதும், தேடவேண்டிய விதிகளின் பெருக்கத்தில் மூச்சு முட்டுவதும் உண்மையே.

ஆயினும் ஒருவருக்குக் கடன் மறுக்கப்படுவதை இயந்திரம் தீர்மானிக்கும்போது எண்களின் குவியலிடம் நாம் எப்படி வாதிடுவது? பழைய தீர்ப்புகளில் ஊறிய பாரபட்சத்தைத் தருக்க நிரலும் கற்கும். வாசிக்கத் தக்கது என்பதாலேயே ஒரு விதி நியாயமானதாகிவிடாது. ஆனால் "இன்ன தெருவில் வசிப்பவருக்குக் கடன் இல்லை" என்று அது எழுதிக்காட்டும் கணத்தில் அநீதி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஊட்டப்பட்ட முன்னறிவும் எழுத்திலேயே இருப்பதால், பிழை எங்கிருந்து வந்தது என்றும் தேட முடிகிறது.

1988இல் டொனால்ட் மிக்கி கற்கும் இயந்திரங்களை மூன்று படிகளில் வைத்தார். தன் கணிப்பைக் கூர்மையாக்குவது முதற்படி. கற்றதைக் குறியீடுகளில் வெளிப்படுத்துவது அடுத்தது. அதை மனிதருக்குக் கற்பித்து அவர் திறனையும் உயர்த்துவது உச்சம். நம் காலம் முதற்படியின் அசாத்திய உயரத்தைக் கண்டு மயங்கி, மற்ற இரண்டையும் மறந்து நிற்கிறது என்றே தோன்றுகிறது.

பிரதியை வாசித்து, ஐயுற்று, மறுத்துரைத்துப் பழகியவர்கள் நாம். மனித வாழ்வைத் தீர்மானிக்கும் எந்தக் கருதுகோளும் வாசிப்புக்கு உட்பட்டாக வேண்டும் என்று கோருவதற்கு நமக்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.