பழைய ஸ்பீக்கரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்கியவர்கள் சில நாட்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நல்ல புளூடூத் ஸ்பீக்கர் எது வாங்கலாம்?" லேப்டாப்பில் வரும் சத்தம் போதவில்லை என்பதால் இந்தக் கேள்வி. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஏதும் கிடக்கிறதா?" பெரும்பாலும் கிடக்கும். அப்பா காலத்து டேப் டெக்குடன் வந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களாக இருக்கலாம். பழைய டெஸ்க்டாப்புடன் வாங்கிய சப்-ஊபர் செட்டாக இருக்கலாம். பரண் மேல் தூசி படிந்திருக்கும். பாட்டெல்லாம் இப்போது மொபைல் போனில் வருகிறது, இவற்றில் வயர்லெஸ் இல்லை, எனவே பயனில்லை என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

இது சரியல்ல என்பது என் கருத்து. ஸ்பீக்கர் என்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு கூம்பு, ஒரு பெட்டி. அவ்வளவுதான். அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு இன்ஜினியர்கள் 1925-ல் வெளியிட்ட வடிவமைப்பின் அடிப்படையில்தான் இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இயங்குகின்றன. அதில் சாப்ட்வேர் கிடையாது. அப்டேட் கேட்காது. பாஸ்வேர்ட் கேட்காது. சீக்கிரம் பழசாகிப் போவது வயர்லெஸ் பகுதிதான்.

சில உதாரணங்களைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை வை-பி மூலம் ஸ்டீரியோவுக்கு அனுப்ப ஆப்பிள் நிறுவனம் 2004-ல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறு சாதனத்தைக் கொண்டு வந்தது. 2018-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. கூகுள் 2015-ல் 35 டாலருக்கு குரோம்காஸ்ட் ஆடியோவை வெளியிட்டது. தயாரிப்பு 2019 ஜனவரியில் நின்றது. 2025 மார்ச்சில் அதனுள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, பல வீடுகளில் அது திடீரென்று வேலை செய்யவில்லை. சில நாட்களில் கூகுள் சரி செய்து கொடுத்தது. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் 2012-ல் நிறுத்தப்பட்டது, அதற்கான இணையச் சேவை 2024-ல் மூடப்பட்டது. இவற்றை வாங்கியவர்கள் யாரும் ஸ்பீக்கரை இழக்கவில்லை. ஒயரைக் கழற்றி வேறொரு சின்னப் பெட்டியை மாட்டினால் போதும். ஸ்பீக்கரும் வயர்லெஸ்ஸும் ஒரே பெட்டியில் இருந்தால் நிலைமை வேறு. சோனோஸ் நிறுவனம் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புதிய சாப்ட்வேர் தருவதை 2020 மே மாதத்துடன் நிறுத்தியது. அவை பாடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நிறுவனத்தின் புதிய ஸ்பீக்கர்களுடன் ஒரே ஆப்பில் சேராமல் போயின.

ஆகவே என் யோசனை, புத்திசாலித்தனத்தை வெளியே வையுங்கள், அதுவும் மலிவாக வையுங்கள் என்பதுதான். சில நூறு ரூபாயில் புளூடூத் ஆடியோ ரிசீவர் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கடைக்குக் கடை தொங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டருக்குப் புளூடூத் வசதி தரும் யுஎஸ்பி டாங்கிளும் பார்ப்பதற்கு இதே அளவில்தான் இருக்கும். அது உங்களுக்கு வேண்டிய பொருள் அல்ல. (உங்கள் டெஸ்க்டாப்பில் புளூடூத் இல்லையென்றால் அதுவும் தேவைப்படும், அது தனிக் கதை.) ரிசீவரில் ஹெட்போன் மாட்டுவது போன்ற 3.5 மி.மீ. துளை இருக்க வேண்டும். "ஸ்பீக்கரில் மாட்ட" என்று சொல்லிக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட் என்றால் வேலை சுலபம். அதன் பச்சை நிறப் பின்னை ரிசீவரில் சொருகுங்கள். மரப்பெட்டி ஸ்பீக்கர்களில் பின்னால் இரண்டு ஒயர் மட்டுமே வரும், கரண்ட் பிளக் இருக்காது. அவற்றை நேராக ரிசீவரில் மாட்டினால் பயன் இல்லை. நடுவில் ஆம்ப்ளிபயர் வேண்டும். பழைய ஆம்ப்ளிபயர் இருந்தால் அதன் பின்புறம் ஆக்ஸ், சிடி, டேப் இன் என்று எழுதிய சிவப்பு, வெள்ளைத் துளைகளில் இணையுங்கள். போனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மிகச் சிறிய சிக்னலுக்காக ஏற்பட்டது, சத்தம் கரகரவென்று உடைந்து வரும். ஐந்து பின் கொண்ட வட்டத் துளை மட்டும் இருந்தால் அதற்கேற்ற மாற்று ஒயர் விற்கிறது.

இணைப்பதற்கு முன் கூம்பின் ஓரத்து வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையமாக இருந்தால் வருடங்கள் ஆக ஆகப் பொடியாக உதிரும். அந்த வளையத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பல வருடம் ஓடாத ஆம்ப்ளிபயரை ஆன் செய்ததும் கருகல் வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிறகு விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் ஆட் டிவைஸ் கிளிக் செய்தால் ரிசீவரின் பெயர் வரும். கம்ப்யூட்டரில் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்து, சத்தத்தை ஆம்ப்ளிபயரில் கூட்டிக் குறையுங்கள். இரைச்சல் குறைவாக இருக்கும். 'ம்ம்' என்ற உறுமல் கேட்டால் ரிசீவருக்குத் தனி மொபைல் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள்.

புளூடூத்தில் தரம் குறையுமே என்பார்கள். குறையும்தான். பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆனால் கையடக்க டப்பா ஸ்பீக்கருக்கும் எட்டு அங்குலக் கூம்புள்ள மரப்பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் டப்பாவில் சரியாகக் கேட்காது. லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருக்கும் மேசையில்தான் என்றால் ரிசீவரே வேண்டாம், ஒரு ஒயர் போதும். அதில் தரக் குறைவும் இல்லை, தாமதமும் இல்லை. புளூடூத்தில் படம் பார்க்கும்போது உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஆகலாம். விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகளை அழுத்தி இதைச் சரிக்கட்டலாம்.

இன்னொன்று. மலிவு ரிசீவர்களில் பல, பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் யார் அழைத்தாலும் இணைந்துவிடும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் பாட்டு முடிந்ததும் ஆப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பையனின் கார்ட்டூன் இரவு பத்து மணிக்கு உங்கள் ஹாலில் கேட்கும்.