வெட்டிப்போட்ட 11 வினாடிகள்

பேங்கில் கணக்கு முடித்து வீடு திரும்பி, ராத்திரி பன்னிரண்டு வரை வீடியோ எடிட்டிங் பழகுகிறேன். 'கவிதை எழுதுறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா?' என்கிறார்கள் நண்பர்கள். நம்ம தெருவைப் பற்றி எடுத்த காட்சிகளை இதுநாள்வரை யார் வெட்டினார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

எரிந்த குடிசையைக் காட்டிவிட்டு, அடுத்த ஷாட்டில் அதிகாரி அரிசி கொடுப்பதைக் காட்டினால் போதும். கொளுத்தினவன் காணாமல் போய்விடுவான். இரண்டுமே நிஜக் காட்சிகள்தான். ஒட்டின இடத்தில்தான் சூது. ருஷ்யாவில் லெவ் குலேஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைச் செய்து காட்டினார். ஒரே நடிகரின் ஒரே முகம். பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் பசி, சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முகம் மாறவே இல்லை.

நான் பழகுவது டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த, நிறம் திருத்தும் கருவி. பிளாக்மேஜிக் நிறுவனம் 2009ல் அதை வாங்கி, 2011ல் இலவசப் பதிப்பும் விட்டது. இன்றைக்கும் இலவசப் பதிப்பு கிடைக்கிறது. என் பழைய கம்ப்யூட்டர் திணறியது உண்மை. காட்சிகளுக்குச் சின்ன 'ப்ராக்ஸி' நகல்கள் போட்டு அவற்றில் வெட்டினேன். முடித்து வெளியே எடுக்கும்போது மூலக் காட்சியே வரும்.

முதலில் வெட்டியது எங்கள் தெருப் பெரியம்மாவின் பேச்சை. நடவுக் கூலி வாங்கின கதை. 'படி நெல்லை எட்ட நின்னு முந்தானையில கொட்டுவாங்க' என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு வேறு ஏதோ பேசினார். அந்த 11 வினாடி மௌனத்தை வெட்டித் தள்ளினேன். இந்த மென்பொருளில் பேக்ஸ்பேஸ் தட்டினால் வெட்டிய இடம் காலியாக நிற்கும். டெலிட் தட்டினால் பின்னால் உள்ளது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். 'ரிப்பிள் டெலிட்' என்று பேர். அங்கே ஒன்று இருந்த சுவடே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அதில் கெட்டிக்காரத்தனம்!

செல்போனில் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: 'ஏம்ப்பா, நான் பேசாம உக்காந்திருந்தேனே, அது எங்க?'

பதில் இல்லை. நம்மை வெட்டினவர்களைப் பற்றி மேடையில் பேசிவிட்டு வந்தவன்தான் நானும்.

'மூணு நிமிஷத்துக்கு மேல எவன் பாப்பான்?' என்பார்கள். பேச்சின் இடைவெளிகளைத் தானே தேடி வெட்டும் வசதியே இப்போது மென்பொருள்களில் வந்துவிட்டது. ஆனால் வால்டர் மர்ச் என்ற ஹாலிவுட் எடிட்டர், எங்கே வெட்டலாம் என்பதற்கு நூற்றுக்கு மார்க் போட்டபோது உணர்ச்சிக்கு 51 கொடுத்தார், கதைக்கு 23, தாளத்துக்கு வெறும் 10. அமுதன் ஆர்.பி.யின் 'பீ' (2003) மதுரையில் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் கூடவே நின்றது. பார்க்கிறவன் முகம் சுளிக்கிற இடத்திலெல்லாம் வெட்டியிருந்தால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

நல்லவேளை, கம்ப்யூட்டரில் வெட்டியது அழிவதில்லை. டைம்லைனில்தான் வெட்டு, மூலக் கோப்பு முழுசாகக் கிடக்கிறது. கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வினாடிக்கு 25 ஃப்ரேம், 11 வினாடிக்கு 275. நோட்டு எண்ணிப் பழகின கை, ஒவ்வொன்றாய் நகர்த்திப் பார்த்தேன். நூறாவது ஃப்ரேமுக்குப் பக்கத்தில் பெரியம்மா முந்தானை நுனியை எடுத்து மடியில் விரித்துப் பார்க்கிறார். அதைத்தான் வெட்டியிருந்தேன்.

கேமரா இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. அது பாதி வேலைதான் தோழர்களே. தெருவுக்கு இரண்டு பிள்ளைகளாவது இந்த வெட்டுகிற வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டு, முடித்த படத்தை அதில் பேசினவர்களிடம் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். எதைக் காணோம் என்று அவர்கள்தான் சொல்வார்கள்.