கதவுக்குள் நின்ற வெள்ளம்

காரின் பவர் விண்டோ எளிய அமைப்பு. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஃபியூஸ், ரிலே வழியாக ஸ்விட்சுக்கு வருகிறது. ஸ்விட்சை அழுத்தினால் கதவுக்குள் இருக்கும் சிறு மோட்டார் சுழல்கிறது. அதன் வார்ம் கியர் ஒரு கேபிளையோ, கத்திரி போல விரிந்து மடங்கும் இரும்புக் கைகளையோ இயக்க, கண்ணாடி ரப்பர் பீடிங் பதித்த தடத்தில் ஏறி இறங்குகிறது. ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என இரண்டு மோட்டார்கள் கிடையாது. பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் அதே மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். வார்ம் கியரை மோட்டார் சுழற்றலாம். மறுமுனையிலிருந்து தள்ளி மோட்டாரைச் சுழற்ற முடியாது. ஏற்றிய கண்ணாடி கையால் அழுத்தினாலும் இறங்காமல் நிற்பது இதனால்தான். கேபிள், தடம், மோட்டார் எல்லாம் சேர்ந்த தொகுதிக்குப் பட்டறைகளில் ‘விண்டோ மிஷின்’ என்று பெயர்.

கார் கதவு நனையாத பெட்டி அல்ல. சாதாரண மழையிலேயே கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியே அது வெளியேறிவிடும். உள்பக்கம், கதவின் உள்மூடியான டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள், அந்த ஈரம் காருக்குள் வராமல் தடுக்கும். மேலிருந்து பெய்யும் மழைக்குச் செய்த ஏற்பாடு இது. கீழிருந்து ஏறும் வெள்ளத்துக்கு இது போதாது.

சென்னைப் புறநகரில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் பவர் விண்டோ கோளாறைப் பற்றிப் பேசும்போது வெள்ளத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் அடையாற்றின் மேல்பகுதியில், தாழ்ந்த நிலத்தில் அமைந்த ஊர்கள் இவை. 2015 நவம்பர் நடுவில் இங்கே தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்க வேண்டியிருந்தது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே தெருக்களில் மறுபடியும் நீர் புகுந்தது. போர்டிகோவிலும் வாசலிலும் நின்ற கார்கள் கதவளவு நீரில் நின்றன. நீர் வடிந்ததும் எல்லோருடைய கவனமும் இன்ஜினுக்கும் சீட்டுக்கும் போகிறது. கதவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது.

அப்படி நின்ற கதவின் டோர் பேடைக் கழற்றினால் நடந்தது அப்படியே தெரியும். பாலித்தீன் தாளின் குறுக்கே நீர் நின்ற உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. கதவின் அடியில் காய்ந்து பாளமாகிப்போன வண்டல். அதற்குக் கீழே துளைகள் மூடிக் கிடக்கும். வயர்கள் சேரும் கப்ளரைப் பிரித்தால் பின்களின் மேல் பச்சைக் களிம்பு. துளை அடைத்துக்கொண்டதால் அடுத்தடுத்து வந்த சாதாரண மழை நீரும் வெளியேற வழியின்றித் தேங்கி, மோட்டார் திரும்பத் திரும்ப ஈரத்தில் ஊறியிருக்கும். கெடுத்தது வெள்ளம் ஒரு பங்கு என்றால், அதற்குப் பின்னான அலட்சியம் இரண்டு பங்கு.

ஆகவே மூழ்கிய காரில் முதலில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: சாவியைப் போட்டு ‘வேலை செய்கிறதா’ என்று பார்ப்பது. ஈரமான கப்ளரில் மின்சாரம் பாய்ந்தால் பின்கள் வெகு வேகமாக அரித்துப்போகும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, டோர் பேடைக் கழற்றி, சேறு காய்வதற்கு முன்பே நல்ல நீரை மெதுவாக ஊற்றி வண்டலைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஒரு குச்சியால் துளைகளைக் குத்தி விடலாம். கப்ளர்களைப் பிரித்துத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுக்க உலரவிட வேண்டும். அரை நாள் வேலைதான். நான்கு மிஷின்களையும் காப்பாற்றும்.

கண்ணாடி ஏற்கெனவே நின்றுவிட்டதென்றால், எதையும் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: நின்றது ஒரு கண்ணாடியா, எல்லாமா? எல்லாம் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் மோட்டார்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நான்கு மோட்டார்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே நாளில் சாவதில்லை. ஃபியூஸ், ரிலே, எர்த் வயர், ஓட்டுநர் கதவிலுள்ள மாஸ்டர் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மற்ற மூன்றும் தத்தம் ஸ்விட்சுகளுக்கு மட்டும் அசையாமல் மாஸ்டர் ஸ்விட்சுக்கு அசைந்தால், யாரோ லாக் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடி மட்டும் மாஸ்டர் ஸ்விட்சுக்கு அசைந்து, தன் கதவிலுள்ள ஸ்விட்சுக்கு அசையாவிட்டால் கோளாறு அந்தச் சின்ன ஸ்விட்சில்.

அடுத்தது காது கொடுத்துக் கேட்பது. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். கரகரவென்று ஓசை வந்தால் கேபிள் பிரிந்து சுருளில் சிக்குகிறது. கண்ணாடி முக்கி முனகி ஏறினால் பெரும்பாலும் பீடிங் இறுகியிருக்கிறது. சென்னை வெயிலும் தூசியும் சேர்ந்தால் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். அங்கே சிலிகான் ஸ்ப்ரே போதும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்து, நிலைமை மோசமாகும்.

ஓசையே இல்லாதபோது ஒரு எளிய சோதனை உண்டு. இருட்டிய பிறகு இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, காருக்குள் இருக்கும் கூரை விளக்கை எரியவிட்டு, ஸ்விட்சை அழுத்த வேண்டும். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டார்தான் இறுகிக் கிடக்கிறது. மங்காவிட்டால் மின்சாரம் வழியிலோ, மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷிலோ நிற்கிறது. கோளாறு மோட்டாரில் என்றால், ஸ்விட்சை அழுத்தியபடி டோர் பேடின் மேல் உள்ளங்கையால் தட்டும்போது சில சமயம் ஓடும். கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கோ துருப் பிடித்ததற்கோ அது அடையாளம். கண்ணாடியை ஏற்றி மூடிக்கொள்ள மட்டும் அந்தத் தட்டலைப் பயன்படுத்தலாம். அது பழுதுபார்ப்பு ஆகாது.

மின்சாரம் வழியில் நிற்கிறது என்றால் பட்டறைகளில் அதிகம் தவறவிடும் இடம் கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் போக, மேல்தோல் முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கண்ணாடி அசையும். அப்படி அசைந்தால் தேடியது கிடைத்துவிட்டது.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் வயரிலும், களிம்பு ஏறிய பின்னிலும்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. மோட்டாருக்கோ பல ஆம்பியர் வேண்டும். மீட்டரை நம்பி, ‘கரன்ட் வருது சார், மோட்டார்தான் போச்சு’ என்று நல்ல மோட்டாரை மாற்றிவிடுவது நடக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பழைய டெஸ்ட் லேம்ப் இந்த வேலையில் மீட்டரைவிட நேர்மையானது. மோட்டார் கப்ளரின் இரண்டு முனைகளிலும் அதை இணைத்து ஸ்விட்சை அழுத்தினால், வயர் நன்றாக இருக்கும்பட்சத்தில் விளக்கு பளிச்சென்று எரியும். மங்கி எரிந்தால் வயரையோ எர்த்தையோதான் தேட வேண்டும். ஸ்விட்சை ஏற்றும் பக்கமும் இறக்கும் பக்கமும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் வெறும் சிக்னல் மட்டும் கொடுத்து, கதவிலுள்ள எலக்ட்ரானிக் மாட்யூல் மோட்டாரை இயக்கும் புதிய கார்களில், சிக்னல் வயர்களில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது, மாட்யூல் கெட்டுவிடும். அங்கே ஸ்கேனர் உள்ளவரிடம் போவதே சரி.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த மழை வரைதான் தாங்கும். புது வயர்த் துண்டு சேர்த்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இணைப்பை வளையும் இடத்துக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும். கேபிள் அறுந்தால் மிஷினையே மாற்றுவதுதான் வழக்கம். மோட்டார் நன்றாக இருந்தால், கிடைக்கிற மாடல்களில் மோட்டார் இல்லாத மிஷினை மட்டும் வாங்கினால் செலவு குறையும். சென்னையில் புது ஸ்பேர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பழைய ஸ்பேர்களுக்குப் புதுப்பேட்டையும் பேர்போன இடங்கள். ஆனால் பழைய மிஷின் வாங்கும்போது, அது இன்னொரு மூழ்கிய காரிலிருந்து வந்ததா என்று பின்களையும் கேபிளையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மிஷினைக் கழற்றுமுன் கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். கதவுக்குள் கை இருக்கும்போது பேட்டரி இணைப்பு கூடவே கூடாது. கத்திரிக் கைகள் விரலை நசுக்கிவிடும். வேலை முடிந்து டோர் பேடை மாட்டும் அவசரத்தில் பாலித்தீன் தாளைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அதை மறுபடி ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் மிதியடி நனையும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஒரே அழுத்தில் ஏறும் ‘ஆட்டோ’ கண்ணாடிக்கும், விரல் சிக்கினால் தானே இறங்கும் வசதிக்கும் தம் எல்லை மறந்துபோயிருக்கலாம். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்சை மேலும் சில விநாடி விடாமல் பிடித்திருந்தால் சரியாகும். சரியான முறை காரின் கையேட்டில் இருக்கும்.

வெள்ளம் வரும் ஊரில் இந்தப் பழுதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. நீரில் கார் சிக்கினால் கதவு திறக்காது. வெளியேற வழி கண்ணாடிதான். நீரில் இறங்கிய சிறிது நேரம் வரை பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். நீர் கண்ணாடியின் உயரத்துக்கு ஏறிவிட்டால் அதன் அழுத்தமே கண்ணாடியைத் தடத்தோடு இறுக்கிவிடும். அதற்கு முன்பே சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வெளியேறிவிட வேண்டும். இறங்காவிட்டால் உடைக்க வேண்டியது முன்கண்ணாடி அல்ல, பக்கக் கண்ணாடி. அதிலும் நடுவில் அல்ல, மூலையில், கூர்முனை உள்ள கருவியால்.

பழைய கார் வாங்குவோருக்கும் இதே கதவு உண்மையைச் சொல்லும். மூழ்கிய கார்கள் இன்சூரன்ஸ் ஏலத்தில் கைமாறி, பளபளவென்று கழுவப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. நான்கு கண்ணாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுக்க இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். பிறகு முன்கதவின் ரப்பர் குழாயை ஒரு ஓரம் விலக்கி, டார்ச் அடித்து உள்ளே வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் அடித்துளைகளில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்து, அதில் சேறு ஒட்டி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.