விலகிய அடியும் வளைந்த பந்தும்

கோல்ப் ஆட்டத்தில் பந்தை நெடுந்தூரம் விரட்டுவதற்கென்று பெரிய தலையுள்ள தடி ஒன்று உண்டு. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். மோட்டார் டிரைவர்களில் சிலரைப் போலவே இதுவும் நாம் சொன்ன வழியில் எப்போதும் போவதில்லை! சோளிங்கர்வாசிகளில் இத்தடியைக் கையில் எடுத்தவர்கள் மிகச் சிலராகவே இருக்கலாம். ஆயினும் இது செய்யும் வேடிக்கை ஒன்று யாவரும் அறியத் தக்கது.

வலக்கைக்காரர் ஒருவர் அடிக்கும்போது பந்து முகப்பின் நடுவில் படாமல் நுனிப்பக்கத்தில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பந்து வலப்புறமாகக் கிளம்புகிறது. 'தொலைந்தது' என்று அவர் கையை விரிக்கும் சமயத்தில், அது ஆகாயத்திலேயே இடப்புறம் வளைந்து மைதானத்தின் நடுவை நாடி வருகிறது. வழி தவறிய பந்தைத் திருத்தியது யார்?

கரும்பு ஆலையில் ஓர் உருளை ஒரு புறமாகத் திரும்பினால், அதனுடன் இணைந்த மற்றோர் உருளை எதிர்ப்புறமாகத் திரும்புவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். இங்கும் அதே நியாயந்தான். நுனியில் அடி பட்டதும் தடியின் தலை, நுனி பின்வாங்கும்படி திருகிக்கொள்கிறது. பந்தும் தலையும் தொட்டிருக்கும் காலம் ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து எதிர்ச் சுழற்சி பெற்றுவிடுகிறது. சுழலும் பந்தைக் காற்று இடப்புறம் தள்ளுகிறது. பிடியை ஒட்டிய குதிப்பக்கத்தில் பட்டாலோ எல்லாம் நேர்மாறு.

நடுவுக்கு மேலே பட்டால் பின்சுழற்சி குறையும். கீழே பட்டால் மிகும். தேர்ந்த ஆட்டக்காரரின் பந்து நிமிஷத்துக்குச் சுமார் 2,500 சுற்று வீதம் பின்னோக்கிச் சுழல்கிறது. பந்தைத் தாங்கிப் பறக்கச் செய்வது அதுவே. அளவுக்கு மிஞ்சினாலோ பந்து உயரத்தான் ஏறும், தூரம் போகாது.

டிரைவரின் எடை மையம் முகப்புக்கு வெகு பின்னால் இருப்பதே இவ்வளவுக்கும் காரணம். மெல்லிய இரும்புத் தடிகளில் இந்த விளைவு சொற்பம். முகப்பு தட்டையாயிருந்தால் நுனியில் பட்ட பந்து மிதமிஞ்சி இடப்புறம் ஓடிவிடும். ஆகவே முகப்பைச் சிறிது புடைப்பாகச் செய்கிறார்கள். அப்புடைப்பு பந்தை முதலில் வலப்புறம் அனுப்பி, வளைவதற்கு இடம் கொடுக்கிறது. இத்தகைய தடிகள் 1880-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஒன்று: புடைப்பு திசைப் பிழையை மன்னிக்குமேயன்றித் தூரத்தை மீட்டுத் தராது. தலை திருகுவதில் செலவான வேகம் செலவானதே.

சுழற்சியால் பாதை வளையும் என்பதைத் துப்பாக்கிக் குண்டில் சோதித்துக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். துப்பாக்கிக் குழாயின் முனையை அவர் இடப்புறம் வளைத்துச் சுட்டார். குண்டு இடப்புறம் கிளம்பிப் பின்னர் வலப்புறம் வளைந்தது! கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட 1750-இல் இந்தியா வந்த அவர், மறு வருஷமே கடலூர்ப் புனித டேவிட் கோட்டையில் காலமானார். 1781-இல் இதே சோளிங்கரில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் பொருதபோது பாய்ந்த பீரங்கிக் குண்டுகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே.

கோல்ப் என்பது துரைமார்களின் பொழுதுபோக்கு. நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்துவந்த ஒருவரின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா. அங்கே பிறர் ஆடுவதைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்ட அவர், 2008-இல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். உற்று நோக்கும் கண்ணுக்கு வித்தை வசமாகும். அது குலமும் செல்வமும் கேட்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் ஆடும் கிரிக்கெட் பந்தும் சுழன்றால் வளையத்தான் செய்கிறது. 'ஏன்?' என்று அவர்கள் கேட்கும்போது, 'போய்ப் பாடத்தைப் படி' என்று பெற்றோர் அதட்டாதிருப்பார்களாக. பாடம் அங்கேதான் இருக்கிறது.