சேவை மனப்பான்மைக்கு யார் கட்டணம் கட்டுவது?

முதுகலைச் சமூகப்பணி படிக்க விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போகும் பெண்ணிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "உனக்குச் சேவை மனப்பான்மை இருக்கிறதா?" பி.எட். சேர வருகிறவளுக்கும் அதே கேள்விதான், கொஞ்சம் வேறு மாதிரி: "ஆசிரியப் பணி அறப்பணி, தெரியுமில்லையா?" எம்.பி.ஏ. சேருகிறவனிடம் லாப மனப்பான்மை இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டடப் பொறியியலில் எம்.டெக். சேருகிறவனிடம் பாலங்கள்மேல் பாசம் உண்டா என்று கேட்பதில்லை. அவர்கள் படிக்க வருகிறார்கள். நாம் மட்டும் தொண்டு செய்ய வருகிறோம். தொண்டு செய்ய வந்தவளுக்குக் காசு எதற்கு?

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கல்வியியல், சமூகப்பணி மாணவிகளுக்கு உதவித்தொகை என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடக்கிறது.

நான் சமூகப்பணி படித்தவள். பல ஆண்டுகளாக மாணவிகளின் களப்பணியை மேற்பார்வை செய்கிறவள். உதவித்தொகைப் படிவங்களைப் புரட்டிப் புரட்டி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் படிப்பு இலவசமாகிவிட்டது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். இந்தப் படிப்புகளின் பெரிய செலவு கட்டணம் அல்ல, கூலியில்லாமல் வாங்கப்படும் வேலை.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவள் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம். இது தவிர கிராம முகாம். அதன்மேல் ஒரு மாதம் தொடர்ச்சியாக ஒரே நிறுவனத்தில் பயிற்சி. அங்கே போய் வேடிக்கை பார்ப்பதில்லை. அடிபட்டு வந்தவளின் கதையை உட்கார்ந்து கேட்டு எழுதுகிறாள். காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போகிறாள். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறாள். பள்ளியை விட்டு நின்ற பையனைத் தேடி வீடு வீடாக அலைகிறாள். நிரப்பப்படாத பணியிடங்களின் வேலையை இருபத்திரண்டு வயதுப் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். இரவு வந்து அறிக்கையும் எழுதுகிறார்கள்.

பி.எட். கதை இன்னும் நீளம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் ஓராண்டுப் படிப்பை இரண்டாண்டாக்கின. பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் 20 வாரம் ஆனது. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். பயிற்சி கூடுவது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளியில் அந்த 16 வாரமும் அவள்தான் கணக்கு டீச்சர். வினாத்தாள் திருத்துகிறாள், பிரேயரில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறாள், டீச்சர்கள் சொல்லும் எடுபிடி வேலைக்கும் ஓடுகிறாள். அந்த வாரங்களுக்கும் சேர்த்துத்தான் கல்லூரிக்குக் கட்டணம் கட்டியிருக்கிறாள். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக்கொடுக்கும் சித்தாளுக்குச் சாயங்காலம் கூலி உண்டு.

பயிற்சிக் காலத்தில் பணம் தர முடியாது என்பது இந்த நாட்டின் பொது விதி இல்லை. கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேருகிறவருக்கு மாதம் 12,400 ரூபாய் தருகிறார்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை உண்டு, அது தாமதமானால் அவர்கள் போராடுவதும் உண்டு. ஆலைகளில் தொழில் பழகுநராகச் சேருகிறவர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் உதவித்தொகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இயந்திரத்தையும் உடம்பையும் தொடுகிறவர்கள் கற்றுக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று அரசு ஒத்துக்கொள்கிறது. பிள்ளையையும் அழுகிறவளையும் தொடுகிறவர்கள் வேலை செய்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. வீட்டில் காலம்காலமாக ஓசியில் கிடைத்ததற்கு வெளியில் எப்படி விலை வைப்பது?

சென்னையில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி வளர்ந்த கதையிலேயே இது இருக்கிறது. குழந்தை விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அவருடைய முயற்சியாலும் அரசின் ஆதரவாலும் இளம் விதவைகளுக்கான விடுதி உருவாகி, பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அங்கே தங்கிப் படித்தவர்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அடுக்களை மூலையில் அழிந்திருக்க வேண்டிய உயிர்கள் அவை. அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. அரசுக்குப் பெண் ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். கல்யாணமாகிப் பாதியில் போகாத, சொந்த ஆசை என்று ஒன்று இருக்கக் கூடாது என்று ஊர் தீர்ப்பெழுதிய பெண்கள் அதற்குத் தோதாக இருந்தார்கள். டீச்சர் என்றால் துறவி மாதிரி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த வெள்ளைப் புடவையின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாதியின் பக்கத்திலிருந்து வந்த உதவித்தொகைக்கு வேறு வரலாறு. பனாரஸ், அலிகர் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் மானியத்தைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களுக்கும் கருவூலத்தில் பங்கு வேண்டும் என்று வைஸ்ராயிடம் வாதாடினார் அம்பேத்கர். 1944இலிருந்து நடந்துவரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அந்த வழியில் வந்தது. பங்கு கேட்டு வாங்கியதைத்தான் இன்று மேடையில் ஏற்றி, 'பயனாளி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்கள். என் மாணவி ஒருத்திக்கு ஓர் அறக்கட்டளை ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. காசோலையோடு ஒரு நிபந்தனையும் வந்தது: நன்றிக் கடிதம், கையால் எழுதியது, குடும்பக் கஷ்டம் பற்றி ஒரு பத்தி இருக்க வேண்டும்.

அரசுத் திட்டங்களில் இந்த நன்றிக் கடிதம் இல்லை. அதற்குப் பதில் சான்றிதழ்கள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ்களில் பெண் என்ற தனி ஆள் இல்லவே இல்லை.

போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். யாருடைய வருமானம்? பெற்றோருடையது, கல்யாணமான, வேலையில்லாத மாணவி என்றால் கணவனுடையது என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். கணவன் சம்பாதிப்பதில் அவள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாதம் 22 ஆயிரம் சம்பாதித்து அதில் பாதியை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வருகிறவனின் மனைவி, கணக்குப்படி வசதியானவள். அவன் விட்டுவிட்டுப் போனால் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று சான்றிதழ் வாங்கலாம். வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அடி தாங்காமல் அவளே விட்டுவிட்டு வந்தால் அதற்குச் சான்றிதழ் கிடையாது.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையைப் பாருங்கள். தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் நல்ல திட்டம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். வீட்டில் அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தங்கை முதல் தலைமுறை இல்லை. அம்மா கைநாட்டு, பாட்டி கைநாட்டு, அந்த வீட்டுப் பெண்களில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் இவள். இருந்தாலும் இவள் இரண்டாவது. பெண்களின் தலைமுறை என்று தனியாக ஒன்று உண்டு என்பது அரசாணை எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லை.

கிடைக்கிற பணமும் எங்கே போகிறது? ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கோடு இணைந்த கைபேசி பெரும்பாலும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கிறது. ஓ.டி.பி. அங்கேதான் போகும். உதவித்தொகை வந்ததே தெரியாமல் கட்டணம் கட்டவில்லை என்று தேர்வு நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்டு நின்றவளை எனக்குத் தெரியும். பணம் தம்பியின் வண்டித் தவணைக்குப் போயிருந்தது. பராமரிப்புப் படி என்று தருவதும் உயர்ந்தபட்ச பிரிவில், வீட்டிலிருந்து வந்துபோகிறவளுக்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய். மாதம் அறுநூறுகூட வராது. உண்மையைச் சொன்னால், 2021இல் வந்த இலவச நகரப் பேருந்துப் பயணம் என் மாணவிகளின் களப்பணிக்கு எந்த உதவித்தொகையையும்விட அதிகம் உதவியிருக்கிறது. அதற்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இலிருந்து திருமண உதவித் திட்டம் நடந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்கள்! பட்டம் வாங்கியவளுக்கு 50 ஆயிரம், பத்தாவது முடித்தவளுக்கு 25 ஆயிரம். நம் பட்டத்துக்கு அரசு போட்ட விலை கல்யாணப் பந்தலில் நின்றது. 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் ஆக்கினார்கள். சரியான மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ., எம்.எட். என்று போகிறவள், வீட்டில் கல்யாணப் பேச்சு உச்சத்தில் இருக்கும் வயதில், கையில் ஒரு ரூபாய் இல்லாமல் "இன்னும் ரெண்டு வருஷம்ப்பா" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. கையில் மாதம் சில ஆயிரம் இருக்கிறவளின் பேச்சு வீட்டில் வேறு மாதிரி எடுபடும். இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

சமூக நீதியைப் பாடமாகவே நடத்தும் இடங்கள் வேறு மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1936இல் சமூகப்பணிக் கல்விக்காகவே தொடங்கப்பட்ட டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், போஸ்ட் மெட்ரிக் உதவிக்குத் தகுதியான மாணவர்களின் விடுதி, உணவுக் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டபோது, 2018 பிப்ரவரியில் மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாத்தி வளாகங்களில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். கல்விக் கட்டணம் விலக்கு, சோற்றுக்குக் கட்டணம் கட்டு என்றால், ஏழை வீட்டுப் பெண் எதைத் தின்றுவிட்டு வறுமை ஒழிப்பு பற்றிக் கட்டுரை எழுதுவாள்?

பணம் கொடுத்தால் பணத்துக்காக வருகிறவர்கள் சேர்ந்துவிடுவார்கள், சேவை கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். சொல்கிறவர்களில் மாதச் சம்பளம் வாங்காதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வரட்டுமே! பணத்துக்காக வந்து ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவள், சேவைக்காக வந்து பிள்ளைகளைத் திட்டுகிறவளைவிட மேல். இன்னொரு பேச்சு, படித்து முடித்தால் வேலை கிடைக்கும், அப்போது சம்பாதித்துக்கொள்ளட்டும் என்பது. எந்த வேலை? 2022இல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. இல்லம் தேடிக் கல்வியில் மாலைதோறும் பாடம் நடத்தியவர்களுக்கு மாதம் 1,000. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெயர் தன்னார்வலர். அங்கன்வாடியில் வாங்குவது மதிப்பூதியம். படிக்கும்போது கூலியில்லாமல் பழக்கப்படுத்தியதைத்தான் வேலைக்கு வந்தபிறகும் வேறு பெயர்களில் தொடர்கிறார்கள். அதனால்தான் படிப்புக் காலத்திலேயே இதை நிறுத்தக் கேட்கிறேன்.

நடக்காத காரியம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து ஆசிரியப் பயிற்சி, செவிலியம், பேறுகாலச் செவிலியம், சமூகப்பணி மாணவர்களுக்குக் கட்டாயக் களப்பயிற்சிக் காலத்தில் வாரம் 300 டாலருக்கு மேல் அரசு கொடுக்கிறது. அங்கும் வருமானச் சோதனை உண்டு, எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் எந்தப் படிப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் பெண்கள் நிறைந்த படிப்புகள்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஆய்வுக்குழு வேண்டாம். என் மேசையில் இருக்கும் களப்பணிப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவியும் எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை வேலை செய்தாள் என்று இருக்கிறது. நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது. பி.எட். கல்லூரிகளிலும் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு இருக்கிறது. அந்த மணிகளுக்கு, குறைந்தபட்சக் கூலி விகிதத்தில், அரசும் வேலை வாங்கிய நிறுவனமும் சேர்ந்து பணம் கொடுக்க வேண்டும். கட்டண விலக்கு தனி, இது தனி. வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. வேலை செய்தவளிடம் புருஷன் சம்பளம் எவ்வளவு என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. பணம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு, அவள் கையில் இருக்கும் எண்ணுக்குச் செய்தி போகும்படி, மாதம் முடிந்ததும் வர வேண்டும்.