தபாலில் வந்த பட்டம் போதாது, தோழர்களே!

கரஸ்ல, அதாவது தொலைதூரக் கல்வியில், படித்தவர்களே, ஆன்லைனில் படித்துக்கொண்டிருப்பவர்களே! நம் பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பம் வாங்கும் நேரம் நெருங்குகிறது. இப்போதும் வாய் திறக்காவிட்டால் இந்த வருடமும் நம் பட்டம் தபால்காரர் கையில்தான் வரும்.

என் பட்டம் அப்படித்தான் வந்தது. மூன்று வருடம் பகலில் விசைத்தறி, ராத்திரியில் புத்தகம். தொடர்பு வகுப்பு நாட்களில் விடியற்கால ரயிலேறி அரக்கோணம் வழியாகச் சென்னை. இரண்டு அரியரையும் எழுதி முடித்தேன். பட்டம் வந்த அன்று நான் தறியில் நின்றிருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, அந்த உறையை அரிசி டப்பா மேல் வைத்திருந்தார். "ஏதோ தபால் வந்திருக்குப்பா" என்றார் சாயங்காலம். மகன் அங்கி போட்டு மேடையேறியதைப் பார்த்திருந்தால், அது என்ன தபால் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தொலைதூரக் கல்வியிலும் இணையவழியிலும் பெற்ற பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 22ஆவது விதி. 2022 செப்டம்பரில் மானியக் குழு அதை மறுபடியும் அறிவித்தது. பட்டம் சமம் என்றால் மேடையும் சமம்தானே?

"ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள், மண்டபம் கொள்ளாது" என்பார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது? டெல்லியில் விழா நடக்கும்போதே நாடெங்கும் உள்ள மண்டல மையங்களிலும் மாணவர்களுக்குப் பட்டம் தருகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல நகரங்களில் விழா எடுக்கிறது. இங்கேயும் மண்டலவாரியாக, ஞாயிற்றுக்கிழமையில், கூலி போகாத நாளில் நடத்தட்டும். நம் திருத்தணியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. யூடியூபில் பெயர்ப்பட்டியல் ஓட்டுவதை விழா என்று நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நம்மிலேயே சிலர் சொல்கிறீர்கள்: "வேலை கிடைச்சா போதும், அங்கி எதுக்கு?" தோழரே, நேர்காணலில் "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்கும்போது நம் குரல் ஏன் இறங்குகிறது? நம்மைப் பட்டதாரிகளாக ஊரறிய ஒருநாளும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கே தொடங்குகிறது அந்தக் கூச்சம்.

கேட்டு வாங்கிய ஊர் இது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் தமிழகத்தின் வட எல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. மங்கலங்கிழார் இந்த வட்டாரத்து மக்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948இல் தலைமை ஏற்ற ராதாகிருஷ்ணன் பிறந்ததும் இதே மண்ணில்தான். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5க்குள் நம் மனு துணைவேந்தர், பதிவாளர் மேசைகளிலும் உயர்கல்வித் துறையிலும் இருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு ரயில் நிலைய வாசலுக்கு வாருங்கள். பட்டச் சான்றிதழின் நகல், இன்னும் படிப்பவர்கள் ஹால் டிக்கெட்டின் நகல் கொண்டுவாருங்கள். கைக்குழந்தையோடு படித்த அக்காக்களே, முதல் வரிசை உங்களுக்கு. கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டே பி.ஏ. முடித்தவர்களும், ஷிப்டு முடித்துத் தூங்காமல் வருபவர்களும் வந்து கையெழுத்துப் போடுங்கள். வர முடியாதவர்களின் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கி வாருங்கள். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைத் தோழர்கள் ஊருக்கு ஒருவராவது வரவேண்டும். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்காக மனுவைத் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறோம்.