கல்முனையிலிருந்து எல்ல வரை: பேரைச் சொல்லிப் பயணம் போக முடிகிறதா?

முதலில் இமயமலைக்குப் போவதாகத்தான் திட்டம். மருதமுனை நண்பனும் நானும் யூடியூப்பில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக்கி வைத்திருந்த ஊர்கள் மணாலி, தர்மசாலா, டார்ஜிலிங். டெல்லியிலிருந்து இரவு பஸ், மலிவான அறை, தெருவோரத்தில் மோமோ என்று ஒரு கொப்பியில் கணக்கும் எழுதினோம். விமானச் சீட்டையும் விசாவையும் கூட்டிப் பார்த்த பிறகு கொப்பியை மூடிவிட்டோம். "மலைதானே மச்சான், நம்மட நாட்டிலயும் இரிக்கி" என்றான் அவன். 2025 ஆகஸ்டில், ஆளுக்கொரு பையுடன் ஐந்து நாட்களுக்கு ஊவா மலைக்குப் புறப்பட்டோம்.

கல்முனைப் பட்டினத்தின் நடுவால் போகும் பிரதான வீதிக்குப் பெயர் ஏ4. மட்டக்களப்பில் தொடங்கும் அந்த வீதி எங்கள் கடைத்தெருவைக் கடந்து அக்கரைப்பற்று, பொத்துவில், லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று போய், கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறி, இரத்தினபுரி ஊடாகக் கொழும்பை அடைகிறது. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே எங்கள் கரையோர மக்களுக்கு மலைக்குப் போகும் வழி இந்த வீதிதான். பழைய வழியும் ஏறத்தாழ இதுதான். கண்டி இராச்சிய காலத்தில் கிழக்குக் கரையின் உப்பும் கருவாடும் தவள மாடுகளில் ஊவாவுக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. அந்த வணிகத்தில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். மலையும் கரையும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்த காலம் அல்ல அது.

எங்கள் பயணத்தில் எனக்கு எழுந்த கேள்வியொன்றை அதன் பிறகு நாட்டில் நடந்தவை இன்னும் கூர்மையாக்கியிருக்கின்றன. போர் முடிந்த 2009இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் நாலரை இலட்சத்துக்கும் குறைவு. 2025இல் அந்தத் தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. வெளிநாட்டவருக்கு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும் நாடு, தன் சொந்தக் குடிமக்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது?

அறையும் பேரும்

மலிவுப் பயணம் என்றால் அறையை முன்கூட்டிப் பதிவு செய்வதில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் விசாரிப்பதுதான் வழக்கம். மலையில் ஓரிடத்தில் அறை இருக்கிறது என்றார்கள். பேரைக் கேட்டார்கள். நண்பன் தன் பேரைச் சொன்னான். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அறை நிரம்பிவிட்டது என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த இடத்துக்கு அழைக்கும்போது அவன் போனை என்னிடம் நீட்டினான். "உன்ட பேரச் சொல்லு மச்சான்."

என்னுடைய பேர் தமிழ்ப் பேர். இந்த நாட்டில் அது பாதுகாப்பான பேராகப் பயன்பட்டதை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

வாடகை அறைக்கும் தமிழருக்கும் உள்ள கதையை இதை வாசிக்கும் பலர் அனுபவித்தே அறிவார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, "தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை" என்று வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. வைத்தியத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் வந்து மலிவு அறைகளில் இருந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்து அடையாள அட்டையும் எங்களைக் காட்டிக்கொடுத்தது. சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மட்டும் இருக்கும். தமிழ் பேசுவோரின் அட்டையில் இரண்டு மொழியும் இருக்கும். வாசிக்காமலே, தூரத்திலிருந்து பார்த்தே ஆளைப் பிரிக்கலாம்.

நாங்கள் போன மலையிலும் அந்தக் கதை இருக்கிறது. அப்புத்தளையிலிருந்து எல்ல வரை மூன்றாம் வகுப்பில் ரயிலேறினோம். வழியில் பண்டாரவளை வந்தபோது பெட்டியில் இருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நகருக்கு அருகில்தான் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்து 25இற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. காவலுக்குப் பொலிஸார் இருந்தார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005ஆம் ஆண்டுக்குள் அந்த ஐவரில் எவரும் தண்டனைக்குரியவராக எஞ்சவில்லை. சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்களில் பண்டாரவளைக்கு நல்ல காலநிலை மட்டும்தான் இருக்கிறது.

நண்பனின் பேர் எப்போது பாரமானது என்பதும் தெரிந்த கதைதான். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாத்திரையல்ல, மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அடுத்த வாரம் திகன எரிந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்கு ஐந்து நாட்களின் பின் கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. ஆனாலும் அதன் பிறகு சாய்ந்தமருது, கல்முனை என்று அட்டையில் இருந்தாலே பையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் கொழும்புக்குப் போன எங்கள் அப்பாமார் தங்கள் பேரைச் சொல்லத் தயங்கினார்கள். இன்று அந்தத் தயக்கம் வேறு ஆட்களிடம் மாறியிருக்கிறது. தயங்க வைக்கும் ஏற்பாடு மாறவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஒரு ஸ்டிக்கரை ஒட்டியதற்காக 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார்.

காட்சியாகிப் போனவர்கள்

எங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதைப் பற்றி முறையிடும்போது, நாங்கள் யாரைக் காணாமல் கடந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லவில் நாங்கள் மலிவு என்று எடுத்த அறைக்கு ஓரிரவு 4,000 ரூபா. அப்போது ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. எங்கள் மலிவு அவருக்கு மூன்று நாள் கொழுந்து. தம்பதென்ன தேயிலைத் தோட்டத்தின் மேலே லிப்டன் இருக்கைக்கு ஏறினோம். வழியெல்லாம் தமிழில் பேசினார்கள். "எங்க இருந்து தம்பி வாறீங்க?" என்று கேட்ட ஒரு அம்மாவுக்குக் கல்முனை எங்கே என்று தெரியவில்லை. தன் பிள்ளைகள் கொழும்பில் கடையில் வேலை என்றார். அந்த மலையில் வெளிநாட்டவருக்குத் தேநீர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அறை விற்கும் நிலையில் லயன் வாசிகள் இல்லை. ஏனென்றால் அறை அவர்களுடையதல்ல.

நாங்கள் போக நினைத்த இமயமலை ஊர்களை இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தர்மசாலாவின் மேற்புறத்தில் 1960 முதல் குடியேறிய திபெத்திய அகதிகள் இன்று அங்கே விடுதியும் உணவகமும் நடத்துகிறார்கள். சிக்கிமிலும் கலிம்பொங் பக்கத்துக் கிராமங்களிலும் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைப் பயணிக்குக் கொடுத்து உழைக்கின்றன. கையில் வீடும் நிலமும் இருந்தால் மலிவுப் பயணியின் பணம் நேராக அந்த வீட்டுக்கு வருகிறது. அதே மலைத்தொடரில் டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் குடியிருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்டு இன்னும் போராடுகிறார்கள். எங்கள் மலையகத்தின் நிலையும் அதுதான். இங்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்த மக்களில் பெரும்பாலானோர் கையில் காணி உறுதி இல்லை.

உறுதி இல்லாமை மழை வரும்போது உயிர்ப் பிரச்சினையாகிறது. போகும்போது எங்கள் பஸ் ஏ4 வீதியில் கொஸ்லந்தையைக் கடந்தது. அதற்கு மேலே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்கள் மண்ணுக்குள் போயின. அபாயம் முன்பே அறிவிக்கப்பட்ட இடம் அது. போவதற்கு வேறு நிலம் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அதையே நாடு முழுவதும் பெரிதாகக் காட்டியது. 600இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் மண்சரிவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மலையக ரயில் பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. வீடு முற்றாக அழிந்தவர்களுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் தோட்டக் கம்பனிக்குச் சொந்தமான லயனில் ஓர் அறையை இழந்தவர் தன் வீட்டை இழந்தவராகக் கணக்கில் வருவாரா என்பதில்தான் அதன் நேர்மை தெரியும். ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் ஓடும் படம் மீண்டும் வந்ததும் மலையகம் மீண்டுவிட்டது என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம்.

உள்ளூர் மலிவுப் பயணிக்கும் மலை பாதுகாப்பாக இல்லை. 2025 மே 11இல் கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் திரும்பிச் சில நாட்களில், செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, நாங்கள் இறங்கி வந்த அதே எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற சுற்றுலா பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். வெளிநாட்டவருக்கு எல்ல ரயிலில் யன்னலோர ஆசனம். அந்த இணையச் சீட்டுகள் சில விநாடிகளில் தீர்ந்துபோவதைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்க வேண்டியிருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒருநாள் மலை பார்க்க வரும் சிங்களக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் கிடைப்பது இரவில் இறங்கும் பஸ். இந்த விடயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வகுப்புத்தான்.

"கொஹேந்த?"

இறங்கி வரும் வழியில் ஓரிடத்தில் சீருடைக்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறினார். "கொஹேந்த?" என்று கேட்டார். எங்கிருந்து என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்: "கல்முனை." இரண்டு அட்டைகளையும் சேர்த்தே வாங்கினார், சேர்த்தே திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு பொத்துவில் வந்தது. அறுகம்பைக்கு 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்ததும் அந்தச் சிறு கரை முழுவதும் பொலிஸார் குவிக்கப்பட்டது நினைவிருக்கும். இஸ்ரேலியப் பயணிகளுக்கு ஆபத்து என்பது காரணம். வந்தவரைப் பாதுகாப்பது அரசின் கடமை, அதில் வாதமில்லை. ஆனால் காஸாவுக்காகப் பள்ளிவாசலில் துஆ கேட்கும் பொத்துவில் மக்கள் தங்கள் கடற்கரையிலேயே சந்தேகத்தோடு பார்க்கப்படும் நிலை பாதுகாப்பு ஆகாது.

பொத்துவிலைத் தாண்டி பஸ் ஊரை நெருங்க நெருங்க, எனக்கு வேறொன்று உறுத்தியது. வெளியே போனால் நாங்கள் இருவரும் "கல்முனை". கல்முனைக்குள் வந்தால் நான் பாண்டிருப்பு, அவன் மருதமுனை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அவன் வீட்டில் முதலாவதைச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் இரண்டாவதை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வீடு எங்கள் ஊரில் மிகக் குறைவு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இழுபடுகிறது. 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2024இலும் போராடினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பக்க அரசியல்வாதிகளுக்கும் அது உதவுகிறது. கோட்டை எங்கே போடுவது என்பது நிர்வாகக் கேள்வி. பேசி முடிக்க முடியாத கேள்வி அல்ல. ஆனால் சோதனைச் சாவடியில் எங்களை ஒன்றாகவே பார்க்கும் அரசிடம், நாங்கள் தனித்தனியாகப் போய் நீதி கேட்கிறோம். அதனால் இழப்பவர்கள் யார் என்று இரு பக்கமும் கணக்குப் பார்க்க வேண்டும்.

தமிழர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரும் மேடையில் 2019இற்குப் பிறகு உள்ளே போன முஸ்லிம் இளைஞர்களின் குடும்பத்தவரும் இருக்க வேண்டும். முஸ்லிம்கள் தங்கள் மீதான சந்தேகத்தைப் பேசும்போது பிந்துனுவெவவும் நினைவுக்கு வர வேண்டும். மலையகத்துக்குக் காணி உறுதி என்பது இருவருக்கும் பொதுவான கோரிக்கையாக வேண்டும்.

பாண்டிருப்பில் நான் முதலில் இறங்கினேன். அவனுக்கு அடுத்த தரிப்பிடம். ஐந்து நாள் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். ஆனால் அவனுடைய உம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. நடந்தே போகக்கூடிய தூரம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தே போனேன். வாசலில் நின்ற உம்மா என்னைக் கண்டதும் கேட்டார்: "மலைக்குப் போக வழி தெரிஞ்ச புள்ளைக்கு இங்க வர வழி தெரியல்லையா மகன்?"